போர்டுல 40, ரோட்டுல 100: ரோடு வரையுற இன்ஜினியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெடுஞ்சாலை டிசைன் பண்ற, போடுற, பராமரிக்கிற இன்ஜினியர் சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

நான் சேலம் பக்கத்துல டிரைவிங் ஸ்கூல் நடத்துறேன். கார் ஓட்ட கத்துக்க வர்றவங்களுக்கு பக்கத்து சீட்டுல உக்காந்து அவங்க காலையும் கண்ணையும் பாத்துக்கிட்டே இருக்கறதுதான் என் பொழப்பு. அதுல ஒரு விஷயம் நல்லா புரிஞ்சு போச்சு, அத உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

புதுசா கத்துக்கிட்ட ஒருத்தர கடைவீதில ஓட்ட விட்டா நான் வாயே தொறக்க வேண்டாம், முள்ளு 20ஐ தாண்டாது. ரெண்டு பக்கமும் கடை, நிக்கிற வண்டி, குறுக்க வர்ற ஆளுங்க, ரோடும் ஒடுக்கம், கால் தானா பிரேக் மேல போய் உக்காந்துக்கும். அதே ஆள கொண்டு போய் பைபாஸ்ல ஏத்துனா கொஞ்ச நேரத்துல 80 தாண்டிடும், எவ்ளோ ஸ்பீடுல போறீங்கன்னு கேட்டா மீட்டர பாக்காம "60 இருக்கும் சார்"ங்கறாங்க. அவங்க பொய் சொல்லல, நெசமாவே அவங்களுக்கு 60 மாதிரிதான் தெரியுது. அகலமா நேரா கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் வெட்டவெளியா ரோடு இருந்தா வேகம் ஒடம்புக்கு தெரியாதுங்க. வருஷக்கணக்கா ஓட்டுறவங்களுக்கும் இதே கததான், இன்னும் சொல்லப்போனா அவங்களுக்கு ஜாஸ்தி.

அதாவது டிரைவர் போர்ட பாத்து ஓட்டுறதில்ல சார், ரோட்ட பாத்து ஓட்டுறாரு. இது உங்களுக்கு தெரியாதது இல்ல, டிசைன் ஸ்பீடுன்னு நீங்களே ஒரு கணக்கு வச்சிருக்கீங்க. 1934ல ஆரம்பிச்ச இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், நீங்க ஐஆர்சின்னு சொல்றது, அவங்க விதிப்படி சமவெளில தேசிய நெடுஞ்சாலைய 100 கி.மீ வேகத்துக்கு வரையுறீங்க, லேன் ஒவ்வொண்ணும் 3.5 மீட்டர். வளைவு, சாய்வு, பார்வ தூரம் எல்லாம் அந்த 100க்குத்தான். நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ரோடு ஒரு ஊருக்குள்ள நொழையுறப்பவும் அதே 3.5 மீட்டர், அதே நேர்கோடு, அதே வழவழ தார், பள்ளிக்கூடம் வந்தாலும் அதேதான், பால் சொசைட்டி வந்தாலும் அதேதான். மாத்துறது ஒண்ணே ஒண்ணு, ஓரத்துல 40ன்னு ஒரு வட்ட போர்டு நட்டு வைக்கிறீங்க. டிரைவரோட கண்ணுக்கும் காலுக்கும் ரோடு 100ன்னு சொல்லுது, போர்டு 40ன்னு சொல்லுது, ரோடு சொல்றதத்தான் எல்லாரும் கேக்குறாங்க. வீட்டு வாசப்படில வழுக்குற டைல்ஸ ஒட்டிட்டு பக்கத்து செவுத்துல பாத்து நடங்கன்னு எழுதி வச்ச மாதிரி இருக்குங்க இது.

உங்க ஐஆர்சி டேபிள்லயே இருக்கு, 40ல வர்ற வண்டி எதையாவது பாத்து பிரேக் அடிச்சு நிக்கறதுக்கு 45 மீட்டர் வேணும், 80ல வந்தா 120 மீட்டர், 100ல வந்தா 180 மீட்டர். ஸ்கூல் விட்டு சைக்கிள தள்ளிக்கிட்டு வர்ற புள்ளைக்கு 180 மீட்டர் தள்ளி வர்ற கார் தூரத்துல ஒரு புள்ளியாத்தான் தெரியும், அது என்ன வேகத்துல வருதுன்னு பெரியவங்களாலயே கணிக்க முடியாது, அந்த புள்ள எப்படி கணிக்கும்? வேகம் ரெண்டு மடங்கானா இடியோட சக்தி நாலு மடங்கு. 30ல இடிச்சா அடிபட்டாலும் பெரும்பாலும் பொழச்சுக்குவாங்க, 70ல இடிச்சா பொழைக்கிறது அபூர்வம். ரோட்டோட லேன எவ்ளோ அகலமா போடறதுன்னு முடிவு பண்றப்பவே இதுவும் சேந்து முடிவாயிடுது.

2022ல இந்தியாவுல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேருன்னு மத்திய அரசோட அறிக்கையே சொல்லுது. அந்த வருஷம் விபத்து எண்ணிக்கைல நாட்டுலயே முதல் எடம் தமிழ்நாட்டுக்குத்தான், 64,105 விபத்து, அதுல 17,884 உயிர் போச்சு. மொத்த சாவுல 100க்கு 71 அதிவேகம்னு எழுதியிருக்காங்க. எல்லாரும் இந்த 71அ புடிச்சுக்கிட்டு டிரைவருங்க சரியில்லன்னு பேசுறாங்க. ஆனா அதே அறிக்கைல இன்னொரு கணக்கு இருக்கு, விபத்துல மூணுல ரெண்டு பங்கு நேர் ரோட்டுல நடந்திருக்கு. வளைவு, குண்டு குழி, மேடு எல்லாத்தையும் சேத்தாகூட அந்தளவுக்கு கிட்ட வரல.

எங்க பக்கத்துலயே கொல்லிமலை இருக்கு, 70 கொண்டை ஊசி வளைவு. அங்க ஏறுற ஆளுங்கள பாருங்க, ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிப்பாங்க, கீழ எறங்குறவங்க மேல ஏறுறவங்களுக்கு நின்னு வழி விடுவாங்க, ரெண்டாவது கியர்லயே பொறுமையா வருவாங்க. அதே ஆளு கீழ எறங்கி நாலு வழிச்சாலை புடிச்ச உடனே 110ல போறான், ஒரு கைல போன். ஒரு மணி நேரத்துல அவன் குணம் மாறிடுச்சா? ரோடு மாறிடுச்சு, அவ்ளோதான். நம்ம ஆளுங்களுக்கு ஒழுக்கமே கெடையாதுன்னு சொல்ற ஒவ்வொருத்தருக்கும் நான் கொல்லிமலையத்தான் காட்டுவேன். அதுக்காக 110ல போறவன் பண்றது சரின்னு நான் சொல்ல வரல, அவனுக்கு ஃபைன் போடுங்க, லைசென்ஸ புடுங்குங்க, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா அவன புடிச்சா அவன் ஒருத்தன் திருந்துவான், ரோட்ட திருத்துனா அதுல வர்ற அத்தன பேரும் மெதுவா வருவாங்க.

ஒரு விபத்து நடந்தா எஃப்ஐஆர்ல என்ன எழுதுவாங்கன்னு மனப்பாடமாவே சொல்லலாம், "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வாகனத்தை ஓட்டி". முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 279, 304ஏ பிரிவு, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 281, 106. கேஸ் டிரைவரோட முடிஞ்சிரும். அந்த எடத்துல ஏன் எல்லாருமே அதிவேகமா வர்றாங்கன்னு யாரும் கேக்கறதில்ல. 2019ல மோட்டார் வாகன சட்டத்த திருத்துனப்ப 198ஏன்னு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க, ரோட்டோட டிசைன், கட்டுமானம், பராமரிப்புல தரம் இல்லாம போயி அதனால சாவோ ஊனமோ நடந்தா அதுக்கு பொறுப்பான அதிகாரி, கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் மேல 1 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். அத வச்சு கேஸ் நடந்ததா எங்க பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லங்க. உங்கள கோர்ட்டுல ஏத்தணும்னு எனக்கு ஆச இல்ல, ஆனா ரோட்டுக்கும் பொறுப்பு உண்டுன்னு சட்டமே ஒத்துக்கிட்டத ஞாபகப்படுத்துறேன்.

சேலம் உளுந்தூர்பேட்டை ரோட்டையே எடுத்துக்கங்க. 136 கி.மீ, நாலு வழி, நடுவுல மீடியன்ங்கற தடுப்பு, டோல் கட்டிட்டு போறோம். ஆனா வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், உளுந்தூர்பேட்டைன்னு ஒவ்வொரு ஊர் பைபாஸ்லயும் ரோட்ட ரெண்டு வழியா போட்டு வச்சாங்க. அர மணி நேரமா எதிர்ல வண்டியே வராத ரோட்டுல 100ல வந்த ஆளு, ராத்திரி நேரம், கண்ணு பாதி அசந்து போயிருக்கும், திடீர்னு மீடியன் முடிஞ்சு எதிர்ல வர்ற பஸ்ஸோட அதே ரோட்ட பங்கு போட்டுக்கணும். அவன் மனசு இன்னும் நாலு வழிச்சாலைலதான் இருக்கும், முன்னாடி போற லாரிய வழக்கம்போல வலது பக்கமா ஏறி முந்துவான். நேருக்கு நேர் மோதல்தான். எத்தன குடும்பம் சாமி கும்புட போயிட்டு திரும்பி வர்றப்ப அங்க அழிஞ்சு போச்சுன்னு இந்த பக்கத்து பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். பல வருஷம் கழிச்சு, கோர்ட்டு வரைக்கும் போயி, அப்புறம்தான் அகலப்படுத்துற வேலைய ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் செத்தவங்க எல்லாரும் எஃப்ஐஆர்ல அதிவேகமும் அஜாக்கிரதையும்தான்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கல. 2022 செப்டம்பர் 4ம் தேதி டாடா சன்ஸ் முன்னாள் சேர்மன் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத் மும்பை ரோட்டுல பால்கர் மாவட்டத்துல சூர்யா நதி பாலத்துல மோதி செத்தாரு. அப்ப அந்த எடத்துல மூணு லேனா வந்த ரோடு பாலத்துகிட்ட ரெண்டா குறுகுச்சு, பாலத்து கைப்பிடிச்சுவர் ரோட்டுப்பக்கம் துருத்திக்கிட்டு நின்னுச்சு. விசாரிச்ச குழுவும் பாலத்தோட டிசைன்ல குறை இருக்குன்னு சொன்னதா செய்தி வந்துச்சு. ஆனா நாடு முழுக்க பேசுனது பின் சீட்டு பெல்ட்ட பத்தி மட்டும்தான். பெல்ட் கட்டாயம் போடணும், நான் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட பின்னாடி உக்காந்தாலும் போடச் சொல்றவன். அதுக்காக அந்த செவுத்த பத்தி பேசாம விட்டா நாளைக்கு அதே எடத்துல வேற ஒருத்தர் மோதுவாரு, அவரு பேரு பேப்பர்ல கூட வராது.

தொப்பூர் கணவாய்க்கு வர்றேன். பெங்களூரு, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து சேலம் வர்ற லாரிக்காரங்க எல்லாருக்கும் அந்த எறக்கம் தெரியும். ஃபுல் லோடோட கி.மீ கணக்குல எறங்கிட்டே வரணும், பிரேக்க மிதிச்சு மிதிச்சு லைனிங் சூடாகி புடிக்காம போயிடும், டீசல் மிச்சம் பண்ணணும்னு சில பேரு நியூட்ரல்ல விட்டுட்டு வருவாங்க, அப்படி வேகம் சேந்து உச்சத்துல இருக்கற நேரம் பாத்துத்தான் வளைவும் இரட்டைப் பாலமும் வருது. 2020 டிசம்பர்ல அங்க டிராஃபிக்ல வரிசையா நின்ன காருங்க மேல லாரி மோதி 4 பேர் செத்தாங்க, 2024 ஜனவரில மறுபடியும் 4 பேர், வண்டி தீ புடிச்சு எரியறத நாடே வீடியோல பாத்துச்சு. நியூட்ரல்ல வராதேன்னு போர்டு வச்சாங்க, போலீஸ் நிறுத்தி சொன்னாங்க, எல்லாம் சரிதான். ஆனா அந்த எறக்கத்துல லாரி வேகம் எடுக்கறதுக்கு டிரைவர் ஒண்ணுமே செய்ய வேண்டாம் சார், சும்மா இருந்தாலே போதும், சாய்வே தள்ளிக்கிட்டு போயிடும். தூங்காம ரெண்டு ராத்திரி ஓட்டிட்டு வர்ற மனுஷன் ஒரு நிமிஷம் அசந்தா அவனையும் முன்னாடி போற குடும்பத்தையும் கொல்ற மாதிரி ஒரு எறக்கம் இருக்கக்கூடாது. கடைசில அரசாங்கமே அங்க உயர்மட்டச் சாலை போட்டு சாய்வ மாத்தணும்னு முடிவு பண்ணிச்சு பாருங்க, அது டிரைவர மட்டும் திருத்தி ஆகாதுன்னு ஒத்துக்கிட்டதுதானே.

ராங் சைடுல வர்றவங்கள பத்தி எல்லாரும் திட்டுறாங்க, நானும் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட அத பத்தி கண்டிப்பாத்தான் சொல்றேன். ஆனா கொஞ்சம் ரோட்டுல எறங்கி பாருங்க. எங்க பக்கம் ஒரு கிராமத்துல வீடு ரோட்டுக்கு இந்த பக்கம், காடு தோட்டம் அந்த பக்கம், பால் சொசைட்டி அர கி.மீ தள்ளி. மீடியன்ல இருந்த வழிய அடைச்சாச்சு, யூ டர்ன் ரெண்டு மூணு கி.மீ தாண்டி, சர்வீஸ் ரோடு பாதியோட நின்னு போச்சு. பால் கேன கட்டிக்கிட்டு எக்ஸ்எல் சூப்பர்ல போற அண்ணன் தெனமும் காலைலயும் சாயந்தரமும் அவ்ளோ தூரம் சுத்திட்டு வருவாருன்னு எந்த டிராயிங்ல எதிர்பாத்தீங்க? அவரு ஓரமா ராங் சைடுலதான் வருவாரு. ஊர்க்காரங்க மீடியன் கல்ல ஒடச்சு வண்டி நொழையுற அளவுக்கு சந்து பண்ணுவாங்க, அதுக்கு ரெண்டு பக்கமும் எதிர் லைட் கண்ணு கூசக்கூடாதுன்னு நீங்க வச்ச அரளி ஆள் ஒசரத்துக்கு வளந்து நிக்கும், அதுக்குள்ள இருந்து வண்டி மூக்க நீட்டுற வரைக்கும் 100ல வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஜனங்க எந்த எடத்துல கடப்பாங்கன்னு தெரிஞ்சுக்க கம்ப்யூட்டர் வேண்டாம், அந்த ஒடஞ்ச மீடியன் கல்லுங்களே சொல்லும். அந்த எடத்துலதான் சப்வேயோ கிராசிங்கோ வரணும்.

நடக்கறவங்க நெலம இன்னும் மோசம். ஒரு நடை மேம்பாலத்த கட்டிட்டு ஜனங்க ஏற மாட்டேங்கறாங்க, குறுக்க ஓடுறாங்கன்னு சொல்றீங்க. மூட்டு வலி இருக்கற அம்மா காய்கறி பையோட அத்தன படி ஏறி எறங்கணும், அதுவும் காருங்க ஸ்பீடு கொறைக்காம போறதுக்காக. சென்னைல ஓஎம்ஆர் மாதிரி ரோட்டுல சாயந்தரம் ஆபீஸ் விடுற நேரம் பாருங்க, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல நின்னு கைய காட்டிக்கிட்டே ஓடுறாங்க. அதே சென்னைல பாண்டி பஜார 2019ல மாத்துனாங்க, வண்டி போற எடத்த கொறைச்சு நடக்கற எடத்த அகலமாக்குனாங்க, அங்க வண்டிய யாரும் வெரட்டுறதில்ல, ரோடு விடாது. கோயம்புத்தூர்ல பல எடத்துல சிக்னல எடுத்துட்டு யூ டர்னும் ரவுண்டானாவும் வச்சாங்க, வண்டிங்க நிக்காம போகுது, ஆனா இப்ப நாங்க எப்படி ரோட்ட தாண்டுறதுன்னு நடக்கறவங்க கேக்குறாங்க, அது நியாயமான கேள்வி. ரவுண்டானா நல்ல விஷயம்தான், நாலு ரோடு சந்திக்கிற எடத்துல வண்டியும் வண்டியும் மோதிக்க வாய்ப்புள்ள புள்ளி 32 இருக்குன்னா ஒரே லேன் இருக்கற ரவுண்டானாவுல அது 8 ஆயிடும், எல்லாரும் மெதுவாத்தான் சுத்தணும். அதோட நடக்கறவங்களுக்கும் மேடான ஒரு கிராசிங்க சேத்து வரையுங்கன்னுதான் கேக்குறேன்.

வேகத்தடையும் இப்படித்தான். ஒரு சாவு விழும், ஊர்க்காரங்க மறியல் பண்ணுவாங்க, மறுநாள் ராத்திரியோட ராத்திரியா தார கொட்டி ஒரு மேடு வந்துரும், பெயிண்ட் கெடையாது, போர்டு கெடையாது, செங்குத்தா நிக்கும். அடுத்த வாரம் ஒரு பொண்ணு வண்டில பின்னாடி உக்காந்து போயி அதுல தூக்கி வீசப்படும். வேகத்தடைக்குன்னே இருக்கற ஐஆர்சி 99 விதிப் புத்தகத்துல தெளிவா இருக்கு, 25 கி.மீ வேகத்துல தாண்டுறதுக்கு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ ஒசரம், பதமா வளைஞ்சு ஏறி எறங்கணும். அந்த மாதிரி ஒண்ண நான் பாக்கறதே அபூர்வமா இருக்கு. அப்புறம் போலீஸ்காரங்க நகைக்கடை விளம்பரம் ஒட்டுன பேரிகார்ட எடக்கு மடக்கா ஜங்ஷன்ல வச்சு வண்டிய வளைச்சு வளைச்சு போக விடுறாங்க, பகல்ல அது வேல செய்யுது, ராத்திரி ரிஃப்ளெக்டர் ஒட்டாம இருந்தா அதுலயே மோதுறாங்க. நீங்க வரைஞ்ச ரோட்ட அவங்க கைல கெடச்சத வச்சு திரும்ப டிசைன் பண்றாங்க சார், ஒரு கான்ஸ்டபிள் செய்யுற வேலையா அது?

ஒரு எடத்துல ரோடு குறுகுனா ஆபத்துங்கற, இன்னொரு எடத்துல குறுக்கச் சொல்றியேன்னு நீங்க கேக்கலாம். உளுந்தூர்பேட்டை ரோட்டுலயும் சூர்யா பாலத்துலயும் ரோடு சொல்லாம கொள்ளாம மாறுச்சு, அதான் கொன்னுச்சு. நான் கேக்குறது ஊர் வர்றதுக்கு அர கி.மீ முன்னாடி இருந்தே ரோடு கொஞ்சம் கொஞ்சமா மாறணும், மொதல்ல குறுக்குக் கோடு, அப்புறம் ஓரக்கல், லேன் 3 மீட்டர், நடுவுல நின்னு தாண்டுறதுக்கு ஒரு திட்டு, ரெண்டு பக்கமும் வெளிச்சம், ஊருக்குள்ள வந்துட்டோம்னு எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியணும். அப்ப 40 போர்டு தேவையே படாது.

சுவீடன் நாட்டு பார்லிமெண்ட் 1997லயே விஷன் ஜீரோன்னு ஒரு கொள்கைய எடுத்துச்சு, மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான், அந்த தப்புக்கு சாவு தண்டனையா இருக்கக்கூடாது, ரோட்ட வரையுறவங்களுக்கும் அதுல பொறுப்பு இருக்குன்னு. சின்ன நாடு, பணக்கார நாடுன்னு ஒதுக்க வேண்டாம், நம்ம மும்பை புனே எக்ஸ்பிரஸ்வேல 2016ல 151 பேர் செத்தாங்க, அங்க ஒரு தொண்டு நிறுவனமும் அரசும் சேந்து ஆபத்தான எடங்கள ஒவ்வொண்ணா சரி பண்ணி, கண்காணிப்பையும் இறுக்குனதுல சில வருஷத்துலயே அது பாதிக்கு மேல கொறஞ்சுது. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை குடுக்குறாங்க, எவ்ளோ பெரிய விஷயம், எத்தனையோ உயிர் பொழச்சிருக்கு. அடிபடறதுக்கு முந்துன 48 விநாடிக்கும் அதே அக்கற வேணும்னு கேக்குறேன், அது உங்க கைலதான் இருக்கு.

ரொம்ப நாளா மனச அறுக்குற ஒண்ணு, பிளாக் ஸ்பாட் கணக்கு. 500 மீட்டர் ரோட்டுல மூணு வருஷத்துல சாவோ படுகாயமோ ஆன 5 விபத்து, இல்லன்னா 10 சாவு நடந்தாத்தான் அது பிளாக் ஸ்பாட், அதுக்கப்புறம்தான் சர்வே, எஸ்டிமேட், டெண்டர். நாலு விபத்து நடந்த எடத்துல இருக்கற ஊர்க்காரங்க அஞ்சாவதுக்கு காத்திருக்கணுமா? அரளிக்கு பின்னாடி மறைஞ்ச மீடியன் சந்து, பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி நேர்கோடு, சட்டுனு முடியுற சர்வீஸ் ரோடு, இதெல்லாம் ஆள் சாகறதுக்கு முன்னாடியே பாத்தா தெரியுற விஷயம். ரோடு சேஃப்டி ஆடிட் பண்ண ஐஆர்சி எஸ்பி 88ன்னு புக்கே போட்டிருக்கீங்க, டிராயிங்ல இருக்கறப்பவே ஆடிட் பண்ணணும்னு அதுலயே இருக்கு.

அதனால நான் கேக்குறது இதுதாங்க. அந்த ஆடிட் ரிப்போர்ட்ட தமிழ்ல எழுதி, ரோடு போற ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ்லயும் ஒட்டுங்க. டிராயிங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ஊர் கிராம சபைக்கு ஒரு இன்ஜினியர அனுப்புங்க, கையெழுத்து வாங்க இல்ல, கேக்கறதுக்கு. எந்த எடத்துல மாடு தாண்டும், எத்தன மணிக்கு ஸ்கூல் விடும், நூறு நாள் வேலைக்கு பொம்பளைங்க எந்த வழியா போவாங்க, மழ பேஞ்சா எங்க தண்ணி நிக்கும், போன வருஷம் யாரு வீட்டு புள்ள எந்த எடத்துல அடிபட்டுச்சு, எல்லாம் அங்க உக்காந்திருக்கற பாட்டிங்களுக்கு அத்துப்படி. ஜனவரி 26க்கு சபை கூடும், மே 1க்கு கூடும், ஆகஸ்ட் 15க்கும் அக்டோபர் 2க்கும் கூடும். எங்க ஒன்றியத்துல எந்த ஊர் சபைக்கு நீங்க வந்தாலும் நானும் வர்றேன், சபை முடிஞ்ச உடனே என் கார்லயே உங்கள கூட்டிட்டு போயி அந்த ஒடஞ்ச மீடியன் சந்து ஒவ்வொண்ணையும் காட்டுறேன்.

இப்படிக்கு,
டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருத்தர்,
சேலம் மாவட்டம்.